துண்டு மாறிப்போன வேண்டுதல்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் மரியபுஷ்பம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானம், ராப்பூசைக்காகக் கோயில் தரையில் காய்ந்து கிடந்த மெழுகை நாங்கள் இரண்டு பேரும் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். மரியபுஷ்பம் பொய் சொல்லுகிறவள் அல்ல, கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவள். அன்றைக்கு அவள் கூட்டவில்லை, குறைத்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. நடுநடுவே சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

அவள் ஊரிலிருந்து ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம் நடந்து போகும். முன்னால் மாதா சப்பரம், அதற்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு சனங்கள், எல்லாருக்கும் பின்னால் இன்னாசியின் குட்டியானை வண்டி. அந்த வண்டியில்தான் அரிசி மூட்டையும் அண்டாவும் மைக்செட்டும் போர்வையும் பையும் தட்டும் தம்ளரும் வரும். நடக்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள், அவர்களுடைய சாமான் முழுக்க அமலோற்பவம் என்கிறவளின் பொறுப்பு. செருப்பில் ஒன்று தொலைந்தால் ஒருவருக்குப் பாதம் வெந்துபோகும், போர்வை மாறினால் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல் வரும், ஒருத்தியின் ரவிக்கை இன்னொருத்தி பைக்குள் போய்விட்டால் அந்தச் சண்டை கிறிஸ்துமஸ் தாண்டியும் ஓயாது. ஆகையால் அமலோற்பவம் செருப்புகளை வீடு வீடாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவாள், தட்டுகளின் அடியில் ஆணியால் கீறி வைப்பாள், துணிகளின் ஓரத்தில் வீட்டுக்கொரு கலர் நூலால் ஒரு தையல் போடுவாள். அவள் கை பட்ட சாமான் உடையவன் கைக்குத்தான் போகும் என்று ஊரில் பேச்சு.

அவளுக்கு வீட்டிலும் ஓயாமல் பார்த்துக்கொள்கிற வேலைதான். பெரிய மகளைக் கரூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறாள். இளையவன் ததேயுஸ் பிறந்ததிலிருந்து கழுத்து நிற்காதவன். ஆள் முழு ஆண்பிள்ளையாக வளர்ந்துவிட்டான், தாடி முளைத்துவிட்டது, ஆனால் கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, சிரிப்பு ஒன்றுதான் வரும். புருஷன் சின்னப்பன் இருந்தவரைக்கும் இரண்டு பேராகத் தூக்கிக் குளிப்பாட்டினார்கள். அவர் கண்ணை மூடின பிறகு அவளே தன் இடுப்பை ஒடித்துக்கொண்டு தூக்கினாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். வருஷத்தில் ஆவணியில் மட்டும் மகள் வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள், இவள் மாதாவிடம் நடப்பாள். முதலில் சில வருஷம் அவனை நடக்கவை தாயே என்று கேட்டு நடந்தாள். அப்புறம் சில வருஷம் பேசவாவது வை தாயே என்று கேட்டு நடந்தாள். அப்புறம் எனக்குத் தெம்பைக் கொடு தாயே என்று கேட்டாள். போன வருஷம் அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படுகிற அன்றைக்குக் கோயிலில் காவித்துண்டை மந்திரித்துக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அதை முகத்தில் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழாதபடி, தங்கள் வேண்டுதலைத் துண்டுக்குள் சொல்லித் தலையில் கட்டிக்கொள்வார்கள். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்து மாதா முன்னால் மறுபடி துண்டை முகத்தில் பொத்தும்போதுதான் அந்த வேண்டுதல் மறுபடி வாயில் வர வேண்டும். வழியில் யாரிடமும் சொல்லக்கூடாது. அமலோற்பவமும் துண்டைப் பொத்தினாள். மற்ற வருஷத்தைவிட நேரமாகப் பொத்திக்கொண்டு நின்றாள். எடுத்தபோது அவள் முகம் வியர்த்திருந்தது. துண்டுக்குள் அவள் சொன்னது இதுதான்: ‘எனக்கு முன்னால என் பிள்ளைய எடுத்துக்கோ தாயே.’

அந்த வருஷம் யாரோ புண்ணியவான் ஒரே பேல் கட்டாகக் காவித்துண்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரே தறி, ஒரே சாயம், ஒரே அகலம். அமலோற்பவம் முதல் வேலையாக எல்லாத் துண்டின் ஓரத்திலும் வெள்ளை, சந்தனம், ரோஸ், இளம்பச்சை என்று வீட்டுக்கொரு நூல் ஓட்டினாள். நூல் ஓட்டிய பிறகுதான், புதுச்சாயம் அடுத்தவர் துணியில் ஏறிவிடுமே என்று யோசனை வந்து, எல்லாவற்றையும் ஓர் அண்டாவில் கல்லுப்புப் போட்டு ஊறவைத்தாள். சாயத்தை நிறுத்தப் போட்ட உப்பு சாயத்தை நிறுத்தவில்லை. நூல்களெல்லாம் காவியைக் குடித்துவிட்டன. மந்திரிக்கக் கொடுக்கும்போது அவள் பார்க்கவில்லை. திருச்சியைத் தாண்டி, புதுத்தண்ணீர் ஓடிய ஒரு வாய்க்காலில் எல்லாரும் குளித்துத் துவைத்துப் பள்ளிக்கூடத்து வேப்பமரங்களுக்கு நடுவே கயிறு கட்டிக் காயப்போட்டு, காய்ந்ததை எடுத்து மடிக்கும்போதுதான் பார்த்தாள். யார் துண்டு யாருடையது என்று தெரியவில்லை.

“உபதேசியாரே, குறி போயிருச்சு” என்றாள்.

கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிற உபதேசியார் சவரிராயன் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, “எல்லாம் மாதா துண்டுதானே அமலோற்பவம், கையில கெடைச்சதை எடுத்துக் கட்டச் சொல்லு, வெயிலு ஏறுது” என்றார்.

எடுத்துக் கட்டினார்கள், நடந்தார்கள்.

செங்கிப்பட்டி வருவதற்குள் கறிக்கடை பவுல்ராசு அழுதான். பவுல்ராசு ஓர் ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கி மாட்டுகிற ஆள், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். சாலையோர மரத்தில் நாற்று நடுகிற பெண்கள் கட்டிவிட்டுப் போயிருந்த தூளியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். தூளிக்குள் பார்த்தான், கன்னத்தைத் துடைத்தான், பிறகு ஒரு பெட்டிக்கடையில் கிலுகிலுப்பை வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

“என்னடா மாமா, மசக்கையா?” என்று இன்னாசி வண்டிக்குள்ளிருந்து கேட்டான்.

“சிரிக்காதடா. எனக்கு ஒரு பிள்ளை வேணும்போல இருக்குடா. வயித்துக்குள்ளயே வேணும்போல இருக்குடா” என்றான் பவுல்ராசு.

தேங்காய் உரிக்கிற கிழவர் ஒருவர் திடீரென்று பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை நினைத்து நடுங்கினார். பத்தாம் வகுப்புப் பெண் தன் மூத்திரப்பைக் கல்லை நினைத்து முனகினாள். பொழுது சாயுமுன்னே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, துண்டோடு வேண்டுதலும் மாறிவிட்டது என்று. அதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெயிலில் நடந்தால் கொப்புளம் வரும், துணி மாறினால் வேண்டுதல் மாறும், வேறென்ன செய்யும் என்பதுபோலத்தான் நடந்தார்கள். துண்டை அவிழ்த்துவிட்டு நடக்கப் பார்த்தவர்களுக்குக் கால் எழும்பவில்லை. தன் பழைய வேண்டுதலை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அது இருந்த இடம் மட்டும் தெரிந்தது, பல் விழுந்த இடம் நாக்குக்குத் தெரிகிற மாதிரி. உபதேசியார் பங்குச்சாமியாருக்கு போன் போட்டார். “பிரார்த்தனை போக வேண்டிய இடத்துக்குப் போகும், நீங்க ஓரமா நடங்க, லாரி வரும்” என்று சாமியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

சனம் பழகிவிட்டது. லேசான வேண்டுதல் கிடைத்தவர்கள் முன்னால் நடந்தார்கள், கனத்தது கிடைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். “மதினி, உங்களது ரொம்பக் கனமா? குடுங்க, அந்தப் பாலம் வரைக்கும் நான் கட்டிக்கறேன்” என்று வாங்கிக் கட்டினார்கள். ஒருத்தி, “எனக்கு வந்திருக்கிறதே சௌகரியமா இருக்கு, என்னோடதை யாரு வச்சிருந்தாலும் அவங்களே வச்சுக்கட்டும்” என்று துண்டைத் தலையோடு இறுக்கிப் பின் குத்திக்கொண்டாள்.

அமலோற்பவத்துக்கு வந்தது பவுல்ராசுவின் வேண்டுதல். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கறிக்கடை போட ஓரிடம். அவள் இறைச்சி தின்னுகிறதே பண்டிகைக்குத்தான். ஆனாலும் நடக்க நடக்க அவள் மனம், கடைக்கு வாசல் கிழக்கே வைப்பதா தெற்கே வைப்பதா, கொக்கி எத்தனை அடிப்பது, ஈ மொய்க்காமல் இருக்கச் சாக்குத் தொங்கவிடுவதா வலை போடுவதா என்று ஓடியது. அவளுக்கு அது இன்பமாக இருந்தது. மண்டபத்துத் தரையில் படுத்தால் விழுந்த இடத்தில் தூக்கம் வந்தது. ததேயுசை நினைத்தாள், அவன் சிரிக்கிற முகம் வந்தது, அந்த முகத்தோடு எப்போதும் வருகிற பயம் வரவில்லை. “அமலிக்கு நடையில வயசு கொறையுது” என்று பெண்கள் சொன்னார்கள். அவள் சிரித்தாள். ஆனால் சிரிக்கிறபோதே உள்ளே எங்கேயோ ஒரு கூச்சம் இருந்தது. வேண்டுதல் போய்விட்டது, அதைச் சொன்ன வெட்கம் போகவில்லை. என்ன கேட்டோம் என்று தெரியாது, கேட்கக்கூடாததைக் கேட்டோம் என்பது மட்டும் தெரியும். அது யார் தலையில் இருக்கிறதோ என்று ஒவ்வொருவர் தலையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தெரியாமலே இருக்கட்டும் என்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

மரியபுஷ்பத்தின் மருமகள் ஜெனிட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளையில்லாதவள் அந்தப் பெண். புறப்பட்ட அன்றைக்குத் துள்ளிக்கொண்டு முன்னால் நடந்தவள், இப்போது வண்டிக்கும் பின்னால் வந்தாள். கீழே குனிந்து நடந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனாள். செபமாலையில் தன் முறை வந்தபோது வாயைத் திறக்கப் பயந்து கண்ணால் அடுத்தவளைக் காட்டினாள்.

“என்னத்தா, யாரு வேண்டுதல் உனக்கு வந்துச்சு? சொல்லு, மாத்தித் தர்றேன்” என்றாள் மரியபுஷ்பம்.

“சொல்லக்கூடாது அத்தை. வாயில வந்தா நடந்துரும்.”

நீடாமங்கலம் தாண்டினார்கள், கொரடாச்சேரி தாண்டினார்கள். கீவளூருக்கு முன்னால் ஓர் அரிசி ஆலைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் களத்துக் கொட்டகையை விட்டுக்கொடுத்தார். வெளியே களத்தில் அவித்த நெல் ஆவி பறந்து காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் மாதா முன்னால் போய் நிற்க வேண்டும். அவனவன் அடுத்தவன் துண்டைப் பொத்திக்கொண்டு அடுத்தவன் வேண்டுதலைச் சொன்னால், கிடைப்பது யாருக்குக் கிடைக்கும் என்று சனத்துக்கு அப்போதுதான் கலக்கம் வந்தது.

உபதேசியார் எழுந்து நின்றார். “குறி இல்லை, நூல் இல்லை. இனிமே ஒரே வழிதான். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, தனக்கு வந்திருக்கிற வேண்டுதலை எல்லாரும் கேக்கச் சொல்லணும். காதுல விழுந்தா உடையவங்களுக்கு நெனப்பு வந்துரும், கையத் தூக்கி வாங்கிக்கணும். வெக்கப்பட்டா மாதாகிட்ட வேற ஆளு பேருல பதிஞ்சிரும், சொல்லிப்புட்டேன்.”

முதலில் ஒரே சிரிப்பாக இருந்தது. கிழவர் கணக்குப் பரீட்சையைச் சொன்னார், பெண் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். ஒருவன் எழுந்து, “மாமியா வாய் அடங்கணும்” என்றான். கொட்டகையே சிரித்தது, மூன்று மருமகள்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள், மாமியார்கள் மூவரும் எழுந்துவிட்டார்கள், உபதேசியார் மணியை அடித்து உட்காரவைத்தார். அமலோற்பவம் எழுந்து, “பஸ் ஸ்டாண்டுல கறிக்கடைக்கு இடம்” என்றாள். “என்னோடது, என்னோடது” என்று பவுல்ராசு வந்தான். வந்தவன், தன் தலைத்துண்டை அவிழ்க்க மனமில்லாமல் கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, “எனக்கு வந்தது பிள்ளை வரம். எந்தத் தாயோடதோ, பத்திரமா வச்சிருந்தேன், எடுத்துக்கங்க” என்றான். ஜெனிட்டா கையைத் தூக்கினாள்.

“உனக்கு வந்ததைச் சொல்லிட்டு வாங்கும்மா” என்றார் உபதேசியார்.

ஜெனிட்டா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்கு முன்னால என் பிள்ளைய எடுத்துக்கோ தாயேன்னு இருக்கு” என்றாள்.

பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பிள்ளையே இல்லியேன்னு நெனச்சு நடந்தேன் அத்தை. ஆனா நாள் தள்ளிப்போயிருக்கு. வழியில எண்ணிப் பாத்தேன், தள்ளித்தான் போயிருக்கு. இதைக் கட்டிக்கிட்டு நாளைக்கு நான் போய் நின்னா, மாதா எந்தப் பிள்ளைய எடுக்கும்?”

மரியபுஷ்பம் எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது, அவள் கட்டவில்லை. “எவடி அவ? பெத்த பிள்ளையக் கொண்டுபோன்னு கேக்கறவ ஒரு பொம்பளையா? அவ வயிறு வயிறா, சாக்கடையா? என் வீட்டுல வெளக்கு ஏறுற நேரத்துல எவ வச்ச கொள்ளி இது? எந்திரிடி, இங்கதான இருக்க?” என்று ஒவ்வொரு பெண் முகமாகக் குனிந்து பார்த்தாள். தன் பக்கத்தில், சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளையிலிருந்து சிநேகிதிகள்.

அமலோற்பவத்துக்குத் தலையில் துண்டு இல்லை. பவுல்ராசு வாங்கிப்போய்விட்டான். கடைவாசல் போய்விட்டது, கொக்கி போய்விட்டது, நல்ல தூக்கம் போய்விட்டது. எழுந்திருக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. வேண்டுதல் அந்தப் பெண்ணின் பேரிலேயே போய்விடும், ஊர் இவளை அமலியக்கா என்றுதான் கூப்பிடும். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். அது இன்னும் வயிறாகவே தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். முழங்கால் சட்டென்று நிமிரவில்லை, தூணைப் பிடித்து எழுந்தாள்.

“என்னோடது” என்றாள்.

மரியபுஷ்பம் திரும்பினாள். “அமலி, நீ உக்காரு. நான் வேற ஆளைப் பேசிக்கிட்டிருக்கேன்.”

“வேற ஆளு இல்லடி. நான்தான் கேட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “நான் போயிட்டா அவனை யாரு குளிப்பாட்டுவா? மகளுக்குப் புருஷன் வீடு இருக்கு. ராத்திரி அவனைப் புரட்டிப் போடலைன்னா முதுகு அழுகிரும். பசிச்சாச் சொல்லத் தெரியாது, சிரிப்பான். நீ வருவியா புஷ்பம்? யாராச்சும் வருவீங்களா? சொல்லுங்க, நான் இந்த வேண்டுதலை இங்கயே விட்டுட்டுப் போறேன்.”

யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பொய்யாகக்கூடச் சொல்லவில்லை. பவுல்ராசு கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உபதேசியார் பொடிமட்டையைத் தேடினார்.

ஜெனிட்டா துண்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அமலோற்பவத்தின் தலையில் தானே கட்டினாள். கட்டும்போது காதருகில், “பெரியம்மா, நான் இதைச் சரியா வச்சிருக்கல” என்றாள். “அந்தச் சொல்லு வாய்க்கு வர்றப்பல்லாம் பயந்துபோய் வேற மாதிரி மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே வந்தேன். பஸ்ஸுல இடம் இல்லாதப்ப, உக்காந்திருக்கிறவங்ககிட்டக் கைப்பிள்ளையக் குடுக்கறப்ப சொல்லுவோம்ல, அப்படி. இப்ப அதுக்குள்ள எது இருக்குன்னு எனக்கே தெரியல.”

கனம் வந்துவிட்டது. அமலோற்பவம் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பின்னால் நடந்தாள். அவள் வழக்கம்போலச் செருப்புகளைக் கோத்தாள், தட்டுகளைக் கழுவி அடுக்கினாள், போர்வைகளை உடையவர்களிடம் கொடுத்தாள். வாங்கினவர்கள் அவள் கையைத் தொடாமல் வாங்கினார்கள், கோபத்தினால் அல்ல, கூச்சத்தினால்.

மறுநாள் வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் போனாள். போகவே முடியாத முழங்கால், ஆனாலும் போனாள். மாதா முன்னால் துண்டை முகத்தில் பொத்தினாள். எடுத்துக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. ‘தாயே, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வச்சுக்கோ’ என்று வந்தது. திரும்பத் திரும்பப் பொத்திப் பார்த்தாள், திரும்பத் திரும்ப அதுவே வந்தது. தான் கேட்க வந்தது அது இல்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. பின்னால் நின்ற கூட்டம் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டது.

மாதா காதில் விழுந்ததா, விழுந்தது எது என்று யாருக்கும் தெரியாது. ஊர் திரும்பின மறு ஞாயிறு பவுல்ராசு ஒரு தூக்குவாளியில் ஈரல் சூப்பு கொண்டுவந்தான். கொண்டுவந்தவன் ததேயுசை ஒற்றைக் கையால் தூக்கிக் குளிப்பாட்டியும் விட்டான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒரு பூசை நேரம் அவன் பக்கத்தில் இருந்தார்கள், அமலோற்பவம் வெகு வருஷத்துக்குப் பிறகு முழுப் பூசை கண்டாள். பிறகு அறுப்பு வந்தது, கல்யாண மாதம் வந்தது, வருகிறவர்கள் குறைந்தார்கள். பவுல்ராசுவுக்கு பஸ் ஸ்டாண்டில் இடம் கிடைத்து, ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்குக் கூட்டம் என்று ஆகிவிட்டது. ஜெனிட்டாவுக்கு வயிறு பெரிதாகிவிட்டது, குனிய முடியாது. மரியபுஷ்பம் மட்டும் சனிக்கிழமை தோறும் போகிறாள். அன்றைக்குச் சாக்கடை என்று சொன்ன வாயைப் பற்றி அமலோற்பவம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். இதைச் சொல்லிவிட்டு மரியபுஷ்பம் மறுபடி மெழுகைச் சுரண்டினாள். அமலோற்பவத்துக்கு மூச்சு வாங்குகிறது என்றும், இந்த ஆவணிக்கு நடப்பாளா என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். வேண்டுதல் இன்னும் துண்டுக்குள்தான் இருக்கிறது, அவள் அதைத் துவைக்கவில்லை.

நான் இரண்டு முறை போய்விட்டு வந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், மாதா கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது வீடு, பச்சைக் கதவு, சும்மா சாத்தியிருக்கும், தள்ளினால் திறக்கும். அவள் குளித்துக் கோயிலுக்குப் போய்வருகிற வரைக்கும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். கஞ்சி கொடுக்கும்போது மட்டும் அவன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துக் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.